மண்வீட்டுக்கு எந்தக் கடைக்கால்? கொங்கு நாட்டு மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ற தேர்வு

மண்சுவரை மேலிருந்து வரும் மழை சாய்ப்பது குறைவு. எறவாணத்தை (கூரை விளிம்பை) மூன்றடி நீட்டிவிட்டால் அந்த மழையை அது பல தலைமுறைக்குத் தாங்கும். சுவர் போவதெல்லாம் அடியில்தான். தரையிலிருந்து ஓதம் (ஈரம்) ஏறி முதல் ஒன்றரை அடி இளகிவிடும். கூரைத் தண்ணீர் தரையில் விழுந்து தெறித்துத் தெறித்து அடிப்பாகம் அரிக்கப்பட்டு, மேலே தடித்தும் கீழே மெலிந்தும் சுவர் நிற்கும். கடைக்காலுக்கு (அஸ்திவாரத்துக்கு) அடியில் ஒரு மூலை உப்பி இன்னொரு மூலை அமுங்கினால், ஜன்னல் முனையிலிருந்து கோணலாக வெடிப்பு ஓடும். மூன்றுக்கும் தண்ணீர்தான் காரணம். எவ்வளவு ஆழம், எத்தனை மூட்டை சிமென்ட் என்று மேஸ்திரியிடம் கேட்பதற்கு முன்னால், அடியில் என்ன மண் இருக்கிறது, அங்கே தண்ணீர் எப்படி வந்து எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கொங்கு நாட்டில் இது ஊருக்கு ஊர் மாறும். கோவை, பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கம் வருஷத்துக்கு ஏறத்தாழ 600, 700 மில்லிமீட்டர்தான் மழை. ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே கிடக்கும் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் ஆனி, ஆடியில் மேற்குக் காற்றோடு சாரல் சாய்ந்து அடிக்கும். மழை குறைந்த ஊர்தானே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. எட்டு மாதம் காய்ந்து வெடித்து, இரண்டு மாதம் ஊறி உப்புகிற கரிசல்மண், எப்போதும் ஈரமாகவே இருக்கும் மண்ணைவிட வீட்டை அதிகம் ஆட்டும்.

முதலில் குழி வெட்டிப் பாருங்கள்

வீடு வரப்போகிற இடத்தில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு குழி. மூன்றடிச் சதுரம், ஆறடி ஆழம். ஜே.சி.பி. வைத்தால் அரைமணி நேர வேலை. இதை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள்தான் பிறகு சுவர் வெடிப்புக்குச் சாந்து பூசிக்கொண்டே இருக்கிறார்கள்.

குழியின் பக்கவாட்டைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுப் பாருங்கள். செங்காடாக இருந்தால் மேலே ஒன்று, இரண்டடி பொலபொலப்பான மண் இருக்கும். அதன்கீழ் வெங்கச்சாங்கல் கலந்த சரளை, அதற்கும் கீழே கடப்பாரை எகிறுகிற உதிர்பாறை. கரிசலாக இருந்தால் கறுப்பு எத்தனை அடியில் முடிகிறது என்பதுதான் முக்கியம். பல்லடம், உடுமலை வட்டாரத்தில் பல இடங்களில் மூன்று முதல் ஐந்தடிக்குள் வெள்ளை முடிச்சுகளாகச் சுக்கான்கல் தட்டும். தட்டினால் பாதிக் கவலை தீர்ந்தது. இரண்டு குழியும் ஒரே மாதிரி இல்லாமல், ஒன்றில் இரண்டடியில் பாறையும் மற்றதில் ஐந்தடிவரை கரிசலும் இருந்தால், வீட்டை நகர்த்த முடியுமா என்று பாருங்கள். பாதி பாறைமேலும் பாதி கரிசல்மேலும் நிற்கும் வீடு எந்தக் கடைக்கால் போட்டாலும் இரண்டுக்கும் நடுவில் வெடிக்கும்.

குழியின் அடியில் ஓரடிக்கு ஓரடி சின்னக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். முதல் தண்ணீர் மண் குடிக்க. அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் குறி வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். அரைமணிக்குள் ஓரங்குலம் இறங்கினால் நன்றாக வடிகிற மண். ஒரு மணி நேரம் கழித்தும் அப்படியே நின்றால், அந்த மண்ணுக்குள் தண்ணீரை விடவே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மண் உப்புமா என்பதை வீட்டிலேயே அளக்கலாம். கடைக்கால் ஆழத்து மண்ணைக் காயவைத்துப் பொடித்து மாவுச் சல்லடையில் சலித்து, 100 மில்லி அளவுக் கண்ணாடிக் குழாய் இரண்டில் 10 மில்லி வீதம் போடுங்கள். ஒன்றில் மண்ணெண்ணெய், ஒன்றில் சுத்தமான தண்ணீர். கலக்கி, குமிழி போக்கி, 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது, தண்ணீரில் உப்பும். மண்ணெண்ணெயில் 10, தண்ணீரில் 16 என்று நின்றால் உப்பல் 60 சதவீதம். இந்தியத் தரநிர்ணயக் கணக்கில் 50-க்குக் கீழ் பயமில்லை, 50 முதல் 100 வரை கவனம் தேவை, 100-க்கு மேல் ஆபத்து.

இன்னொரு அளவுக்குக் காசே வேண்டாம். சித்திரையில் நிலம் வெடித்துக் கிடக்கும்போது நீளமான கட்டுக்கம்பியை வெடிப்புக்குள் விட்டுப் பாருங்கள். கம்பி வளையாமல் இரண்டரை அடி இறங்கினால், கடைக்காலின் அடி அதற்கும் ஓரடியாவது கீழே போக வேண்டும்.

செங்காடு: கருங்கல் கட்டு

சரளை தட்டுகிற செம்மண்ணில் யோசிக்க அதிகமில்லை. கருங்கல் நம் பக்கம் எங்கும் கிடைக்கிறது, கல் கட்டத் தெரிந்த கொத்தனார்களும் இருக்கிறார்கள். வானம் (கடைக்காலுக்குத் தோண்டும் பள்ளம்) இரண்டரை அடி அகலம், மூன்றடி ஆழம். பொலபொலப்பான மண் முழுக்கப் போய்ச் சரளையில் உட்கார வேண்டும். அடியைத் தண்ணீர் விட்டுத் திமிசால் குத்தி, ஆறங்குலம் 1:4:8 கான்கிரீட் (சிமென்ட் 1, மணல் 4, 40 மி.மீ. ஜல்லி 8), அதன்மேல் கல்.

அகலம் ஏன் இவ்வளவு என்று கேட்பார்கள். மண்சுவர் கனம். ஒன்றரை அடித் தடிப்பில் பத்தடி உயரம் வைத்தால் நீளத்தில் ஓரடிக்குச் சுவர் மட்டும் ஏறத்தாழ 750 கிலோ. அதே உயரத்துக்கு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 400 கிலோதான் வரும். ஓட்டுக்கூரை, பேஸ்மட்டம் (தரைக்குமேல் சுவரடிவரை எழும் கல்கட்டு), கடைக்கால் கல் எல்லாம் சேர்த்தால் ஓரடி நீளத்துக்கு ஒன்றரை டன். இரண்டரை அடி அகலத்தில் அது சதுரடிக்கு 600 கிலோவாகப் பரவும். சரளை கலந்த செம்மண் இதைச் சிரமமில்லாமல் தாங்கும், ஊறிய களிமண் தாங்காது. செங்கல் வீட்டுக்குப் போடுகிற ஒன்றேமுக்கால் அடி வானமே போதும் என்று மேஸ்திரி சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

20-க்கு 30 அடி வீடு, நடுவில் ஒரு குறுக்குச்சுவர் என்றால் வானம் 120 அடி நீளம். தோண்டுவது 9 யூனிட் மண் (ஒரு யூனிட் 100 கன அடி). கல்கட்டு அடியில் இரண்டரை அடி அகலத்தில் தொடங்கி, பாதி உயரத்தில் இரண்டடியாகி, பேஸ்மட்டத்தில் ஒன்றேமுக்கால் அடியாக இரண்டடி உயரம் எழும்பும். அதற்கு மொத்தம் ஏறத்தாழ 1,100 கன அடிக் கட்டு. கல் 14 யூனிட் வாங்குங்கள். 1:6 சாந்துக்குச் சிமென்ட் 55 முதல் 60 மூட்டை, மணல் நாலரை யூனிட். அடிக் கான்கிரீட்டுக்கு இன்னும் 15 மூட்டை.

கல் கட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கெடுவது நடுவில்தான். இருபுறமும் முகம் பார்த்த கல்லாக வரிசையாக வைத்துவிட்டு, நடுவில் சில்லும் மண்ணும் கொட்டி மேலே சாந்து தடவி மூடிவிடுவார்கள். வெளியே பார்க்க அழகாக இருக்கும். கனம் ஏறியதும் இரண்டு முகமும் தனித்தனியாகப் பிரியும். நடுவிலும் கல்லை வைத்துச் சாந்து இறக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் நாலைந்து அடிக்கு ஒரு கல் சுவரின் முழு அகலத்துக்கும் குறுக்கே கிடக்க வேண்டும்.

பழைய வீடுகளில் கடைக்காலை மண்சாந்திலேயே கட்டினார்கள். வடிகிற மேட்டுநிலத்தில் அது இன்றும் நிற்கிறது. ஆனால் கருங்கல் தண்ணீர் குடிக்காது, கல்லுக்கு இடையில் இருக்கும் சாந்துதான் குடிக்கும். மண்சாந்து தடிமனாக இருந்தால் ஓதம் அதன் வழியே ஏறும். சுண்ணாம்பில் கட்ட ஆசைப்பட்டால் சுக்கான்கல் சுட்ட சுண்ணாம்பாகப் பாருங்கள். அது ஈரத்திலும் இறுகும். கிளிஞ்சல் சுண்ணாம்பு காற்றுப் பட்டால்தான் இறுகும் என்பதால் தரைக்கடியில் பல காலம் பச்சையாகவே கிடக்கும்.

கரிசக்காடு

இங்கேதான் அதிகம் யோசிக்க வேண்டும். நாலைந்து அடிக்குள் சுக்கானோ சரளையோ தட்டினால், செலவைப் பார்க்காமல் அதுவரை வானத்தை இறக்கி மேலே சொன்ன கல்கட்டையே போடுங்கள். கல்லின் இரண்டு பக்கமும் கரிசல் தொடாதபடி ஆறங்குலம் கிராவல் நிரப்புங்கள். கரிசல் உப்பும்போது பக்கத்திலிருந்தும் தள்ளும், சுவரைப் பிடித்து மேலேயும் தூக்கும்.

ஆறடிவரை கரிசலே என்றால், பலரும் அடியில் மணல் மெத்தை போடச் சொல்வார்கள். பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர்.கே. கட்டி என்பவர் இதற்கு மாற்றாக உப்பாத களிப்பு (ஒட்டிப்பிடிக்கும்) மண் அடுக்கு என்ற முறையை வகுத்தார். மணலுக்குள் தண்ணீர் சுலபமாகப் போய், அடியிலிருக்கும் கரிசலுக்கு நேராகச் சேர்ந்துவிடும். களிப்புள்ள, ஆனால் உப்பாத செம்மண் கிராவல் அப்படித் தண்ணீரை விடாது, கரிசலை அழுத்தியும் பிடிக்கும். வானத்தை நாலடி அகலமாக வெட்டி, மூன்றடி உயரத்துக்குக் கிராவலை ஆறங்குல அடுக்காகப் போட்டு, பிடித்தால் உருண்டையாகி கையில் ஈரம் ஒட்டாத பதத்தில் திமிசு அடியுங்கள். ஒவ்வோர் அடுக்கிலும் குதிகாலை ஊன்றிப் பாருங்கள், தடம் பதியக் கூடாது. நிரப்பப் போகிற கிராவலையும் கண்ணாடிக் குழாயில் சோதித்துவிடுங்கள். செம்மண் எல்லாம் உப்பாது என்று எண்ணிவிட வேண்டாம்.

இந்த அடுக்கின்மேல் சுவர்களைச் சுற்றி வரும் கான்கிரீட் பெல்ட் ஒன்று, பேஸ்மட்டத்தின் தலையில் இன்னொன்று. நாலு 10 மி.மீ. கம்பி, ஆறங்குலத்துக்கு ஒரு வளையம், ஆறங்குல உயரம். மூலைகளில் கம்பியை அங்கேயே வெட்டிவிடாமல் வளைத்து இரண்டடி உள்ளே கொண்டுபோக வேண்டும். 1900 பிப்ரவரியில் கோவைப் பக்கம் 6 அளவில் நிலம் அதிர்ந்த சீமை இது. செங்காட்டிலும் பேஸ்மட்டத்துப் பெல்ட்டை விடாதீர்கள்.

கரிசல் அதற்கும் ஆழமாகப் போய், உப்பல் 100-ஐத் தாண்டினால் ஒன்றரை அடி மண்சுவரை அங்கே எழுப்ப வேண்டாம். 1950-களில் ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய, அடியில் குமிழாக விரியும் துளைத்தூண் அங்கே நிற்கும். பதினொன்று, பன்னிரண்டு அடி ஆழம், குமிழ் தூணைப்போல இரண்டரை மடங்கு அகலம். தூண்களின் தலையை இணைக்கும் பீமுக்கும் கரிசலுக்கும் நடுவே மூன்றங்குலத்துக்கு மேல் காலி இடம் விட வேண்டும். மண் அதற்குள் உப்பிக்கொள்ளும், பீமைத் தொடாது. பீமின்மேல் ஒன்பதங்குல அழுத்திய மண்கல் சுவர் வைக்கலாம். தடித்த மண்சுவரை ஏற்றினால் பீமும் தூணும் வீட்டைவிடச் செலவாகும். இந்த வேலைக்குப் பொறியாளர் கணக்கு கட்டாயம்.

கரிசலில் கட்டியபிறகு ஒரு மூலையை மட்டும் ஈரமாக்காமல் பார்த்துக்கொள்வது கடைக்காலுக்குச் சமமான வேலை. பொடக்காணியில் (புழக்கடையில்) துவைக்கிற கல், குளியலறைச் சலதாரை, கசியும் பைப் என்று ஒரே மூலையில் தண்ணீர் சேர்ந்தால் அந்த மூலை மட்டும் தூக்கும். வீட்டை ஒட்டி நிற்கும் வேம்பு, இதற்கு மாறாக, தன் பக்கத்து ஈரத்தை உறிஞ்சி அங்கிருக்கும் மூலையை இறக்கும். மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரம் தள்ளி நடுங்கள்.

வாய்க்கால் ஊரும் மலையடிவாரமும்

கீழ்பவானி, தடப்பள்ளி, காலிங்கராயன், பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன ஊர்களில் குழியை வாய்க்கால் அடைத்த மாதத்தில் வெட்டிப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. தண்ணீர் திறந்து ஒரு மாதம் கழித்துப் பக்கத்துக் கிணற்றை எட்டிப் பாருங்கள். கசிவில் நீர்மட்டம் தரைக்கு நாலைந்து அடிக்குள் வந்தால், மண்சாந்தை மறந்துவிட்டுச் சிமென்ட் சாந்தில் கட்டி, பேஸ்மட்டத்தை மூன்றடிக்கு உயர்த்துங்கள். ஆழமாகத் தோண்டுவதால் அங்கே லாபம் எதுவும் இல்லை, கடைக்கால் தண்ணீருக்குள் போகும், அவ்வளவுதான்.

சிறுவாணி, ஆனைமலை அடிவாரத்துச் சரிவான செம்மண்ணில் ஜல்லிக் கடைக்கால் நன்றாக வேலை செய்யும். வானத்தின் அடியை 12 அடிக்கு ஒன்றரை அங்குலம் வீதம் சரித்து வெட்டி, ஓரங்களில் வடிகட்டும் துணி விரித்து, அடியில் துளைபோட்ட நாலங்குலப் பி.வி.சி. குழாயைத் துளை கீழ்நோக்கி இருக்கும்படி போடுங்கள். கழுவிய 40 மி.மீ. ஜல்லியை அடுக்கடுக்காகக் குத்தி நிரப்பி, மேலே எட்டங்குலக் கான்கிரீட் பெல்ட். அதன்மேல் கல் பேஸ்மட்டம். குழாயின் வாய் தாழ்ந்த நிலத்தில் வெளிச்சத்துக்கு வர வேண்டும், எலி நுழையாமல் வலை கட்ட வேண்டும். வெளியே போக வழியில்லாத ஜல்லி வானம் வீட்டைச் சுற்றி வெட்டிய தொட்டியாகிவிடும். இதே காரணத்துக்காகச் சமதளக் கரிசலில் இந்த முறையைத் தொடவே கூடாது.

பேஸ்மட்டமும் ஓதத்தடையும்

பத்தடி உயரத்திலிருந்து விழும் கூரைத் தண்ணீர் கட்டாந்தரையில் பட்டால் ஓரடி, ஒன்றரை அடி தெறிக்கும். ஆகவே மண்சுவர் தொடங்குமிடம் வெளித்தரையிலிருந்து இரண்டடியாவது மேலே இருக்கட்டும். பொள்ளாச்சிப் பக்கம் மேற்குச் சுவருக்கு இரண்டரை. உயரத்தை வாசலிலிருந்து அளக்காமல் ரோட்டின் நடு மேட்டிலிருந்து அளந்து, அதற்குமேல் இன்னும் அரையடி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ரோடு உயர்கிறது, வீடு அங்கேயே இருக்கிறது.

பேஸ்மட்டத் தலையில் ஓதத்தடை ஒரு மூலைகூட விடாமல், குறுக்குச்சுவர் உள்பட, சுற்றி வர வேண்டும். நீர்த்தடை கலந்த ஒன்றரை அங்குலம் 1:2:4 கான்கிரீட்டின்மேல் தார் ஷீட் போடலாம். நம் பக்கம் இன்னும் நல்ல வழி ஒன்று இருக்கிறது. மெல்லிய பலகைக்கல்லைச் சுவர் அகலத்துக்குமேல் இரண்டங்குலம் வெளியே நீட்டி, இணைப்புகளைச் சிமென்டால் அடைத்துப் பரப்புவது. ஓதமும் ஏறாது. கரையான் புற்றுக்கோடு அந்த நீட்டலைச் சுற்றித்தான் மேலே போக வேண்டும் என்பதால் கண்ணில் பட்டுவிடும். நீட்டலின் மேல்பக்கம் வெளியே வாட்டமாக இருக்கட்டும், தட்டையாக விட்டால் சுவரடியில் தண்ணீர் தங்கும்.

இவ்வளவும் செய்துவிட்டு, பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று தரையிலிருந்து சுவர்வரை ஒரே பூச்சாகச் சிமென்ட் பூசினால் எல்லாம் வீண். ஓதம் பூச்சின் வழியாகத் தடையைத் தாண்டி ஏறிவிடும். சில மாதத்தில் தடைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வெள்ளையாக உப்புக்கோடு ஒன்று படரும். விரலால் தட்டினால் பூச்சு பொத்தென்று சத்தமிடும், பெயர்த்துப் பார்த்தால் உள்ளே சுவர் மாவாக உதிரும். பூச்சை ஓதத்தடையின் கீழேயே நிறுத்துங்கள். மண்சுவருக்கு மண் அல்லது சுண்ணாம்புப் பூச்சு.

உள்ளே நிரப்ப, வானம் தோண்டிய கரிசலைப் போடாதீர்கள். அது ஊறினால் தரையைத் தூக்கும், பேஸ்மட்டத்தை வெளியே தள்ளும். கிராவலை ஆறங்குல அடுக்காகத் திமிசு அடித்து, மேலே தூசியில்லாத ஜல்லி நாலங்குலம், பிளாஸ்டிக் ஷீட், பிறகு தரை. வேர், பலகைத்துண்டு எதுவும் உள்ளே கிடக்கக் கூடாது. கரையானுக்கு அதுவே விருந்து.

வெளியே, எறவாணத் தண்ணீர் விழும் இடத்தில் செங்காட்டில் இரண்டடி அகலத்துக்கு ஜல்லி பரப்புங்கள், தெறிப்பு பாதியாகக் குறையும். கரிசலில் ஜல்லி வேண்டாம். நாலைந்து அடி அகலத்துக்குக் கல்லோ கான்கிரீட்டோ வெளியே சரித்துப் போட்டு, சுவரோடு சேரும் இடத்தைத் தாரால் அடைத்து, ஓரத்தில் சலதாரை வையுங்கள். கடினத் தரையில் தெறிப்பு அதிகம் என்பதால் அங்கே பேஸ்மட்டம் அரையடி கூடுதலாக வேண்டும், அல்லது கூரையோரம் தகரக் காலி (கூரைத் தண்ணீரை ஏந்தும் வாய்க்கால்).

எப்போது தோண்டுவது

தையில் தோண்டினால் கரிசல் அதிகம் ஊறியும் இருக்காது, காய்ந்து வெடித்தும் இருக்காது. வானத்தை வெட்டிப் போட்டுவிட்டுக் கல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். திறந்து கிடக்கும் கரிசல் வெயிலில் சுருங்கி, அதன்மேல் கட்டியபிறகு முதல் மழையில் உப்பும். கல்லும் ஜல்லியும் இறங்கியபிறகே வெட்டி, ஒரு வாரத்துக்குள் தரைமட்டம் வந்துவிடுங்கள். பங்குனிக்குள் பேஸ்மட்டம், சித்திரையில் சுவர். மேற்கு ஊர்களில் வைகாசி முடிவதற்குள் ஓடு மேய்ந்தாக வேண்டும், கிழக்கே ஆவணிவரை அவகாசம் உண்டு. சுவர் எழும்பும்போது கோடைமழை வந்தால் போர்த்தத் தார்ப்பாய் கையில் இருக்கட்டும்.

முதல் ஐப்பசியில் நல்ல மழை பெய்து ஓய்ந்ததும் குடையோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். பேஸ்மட்டத்தில் சேறு தெறித்த உயரத்தைச் சாக்பீஸால் கோடிட்டு வையுங்கள். அரைமணி கழித்து மறுபடி வந்து, எங்கே தண்ணீர் நிற்கிறதோ அங்கே ஒரு குச்சி நடுங்கள். கோடு ஓதத்தடையை எட்டியிருந்தால் கூரையோரத்துக்குக் காலி போட வேண்டும். குச்சி சுவருக்கு ஆறடிக்குள் நின்றால், அடுத்த மழைக்குமுன் அந்தப் பள்ளத்தைக் கிராவலால் தூர்த்து வாட்டம் எடுத்துவிடுங்கள்.